பேர் பதியாமல் மூழ்கியவர்கள்

கேத்தரின் மெகோவன் என்ற பெண் டைட்டானிக் சினிமாவில் வரமாட்டார். அயர்லாந்தில் மேயோ பகுதியிலுள்ள அடர்கூல் என்ற ஏழைப் பங்கைச் சேர்ந்தவர். பிழைப்புக்காக அமெரிக்காவின் சிகாகோவுக்குப் போனவர். ஊருக்குத் திரும்பி வந்து, உறவுப் பெண் ஆனியையும் அழைத்துக்கொண்டு 1912 ஏப்ரல் 11 அன்று அந்தக் கப்பலில் ஏறினார். அந்த ஒரே பங்கிலிருந்து அன்று ஏறியவர்கள் 14 பேர். மூழ்கியவர்கள் 11 பேர். கேத்தரின் போய்விட்டார், ஆனி பிழைத்தாள்.

இன்றும் ஏப்ரல் 15 அதிகாலை, கப்பல் மூழ்கிய நேரத்தில், அந்த ஊர் தேவாலய மணி அடிக்கிறது. இறந்த 11 பேருக்காகவும் பிழைத்த 3 பேருக்காகவும்.

நூறு வருஷத்துக்கு முன்னால் செத்த ஏழைகளின் பெயர் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்? பாசம் மட்டும் காரணமில்லை, காகிதமும் காரணம். அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் கப்பல், பயணிகள் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும் என்று 1819லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. பட்டியல் இருந்தால் பெயர் மிஞ்சும்.

இப்போது நம்ம ராமநாதபுரம் கரைக்கு வாருங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆட்கள் போன வழி இதுதான். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, திருநெல்வேலி என்று பல சீமைகளிலிருந்து பஞ்சம் துரத்த, கங்காணி பின்னால் நடந்தே வந்தார்கள். கங்காணியும் ஒரு வகையில் கேத்தரின் மாதிரிதான். போய்ப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்து சொந்தபந்தத்தைக் கூட்டிப் போகிறவர். ஆனால் இவர் கையில் முன்பணமும் கடன் கணக்கும் இருந்தன. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன்... கிடைத்த படகில் மன்னார் கரைக்கு. அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு மறுபடியும் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

கடலில் விழுந்தவர்கள்? 1864ல் ‘ஆதிலட்சுமி’ என்ற கப்பல் சுமார் 120 தொழிலாளர்களோடு மூழ்கியதாக மலையக வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கப்பலுக்குப் பெயர் இருக்கிறது. கப்பலில் இருந்தவர்களுக்கு? அந்த 120 பேரில் ஒருவர் பெயரைக்கூட ராமேஸ்வரம் போகிற யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

“வெள்ளைக்காரனுக்கு இந்தியக் கூலியின் பெயர் எதற்கு?” என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது முழு உண்மை இல்லை. 1884ல் கல்கத்தாவிலிருந்து பிஜித் தீவுக்குப் போன ‘சிரியா’ கப்பல் பவளப்பாறையில் மோதி 59 பேர் இறந்தார்கள். அவர்களில் 56 பேர் ஒப்பந்தக் கூலிகள். இந்த எண்ணிக்கை இவ்வளவு சுத்தமாகக் கிடைப்பதற்குக் காரணம், பிஜிக்குப் போன ஒவ்வொருவருக்கும் பெயர், ஊர், தகப்பன் பெயர் எழுதிய அனுமதிச் சீட்டு இருந்ததுதான். இலங்கைக்குப் போகிறவர்களை மட்டும் 1847லேயே இந்தக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிற தீவுதானே, கடலும் கொஞ்ச தூரம்தானே! தோட்டத்துரைக்குச் செலவு மிச்சம், சர்க்காருக்கு வேலை மிச்சம்.

மலையகத் தோட்டங்களில் இன்றும் ஒரு வார்த்தை புழங்குகிறது: ‘பேர்’. அங்கே பேர் என்றால் ஒருநாள் சம்பளம். முழுநாள் வேலை செய்தால் ஒரு பேர், இல்லாவிட்டால் அரைப்பேர். செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால்தான் கூலி. அப்படியானால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தவருக்குத்தான் பேர். நடுக்கடலில் போனவர் எந்தப் பதிவேட்டிலும் விழவில்லை. கணக்குப் படிக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஏட்டில் ஏறாத சரக்குக்கு நஷ்டக் கணக்கும் எழுத மாட்டார்கள்.

சரி, 160 வருஷம் ஆகிவிட்டது, இப்போது என்ன அவசரம் என்று கேட்கலாம். இந்தப் பதிவின்மைக்கு விலை கொடுத்தவர்கள் செத்தவர்கள் மட்டுமில்லை. 1948ல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அப்பா இலங்கையில் பிறந்தார் என்று காட்டு, அல்லது தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தார்கள் என்று காட்டு என்றது. காகிதமே இல்லாமல் கடல் தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் காகிதம் கேட்டார்கள்! சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. தாத்தா ஏறிப் போன அதே கரையில் வந்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர்.

2023ல், மலையகத்துக்கு 200 ஆண்டு ஆனதையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் மக்கள் நடந்தார்கள். அந்தக் கரையில் நினைக்கிறார்கள். இந்தக் கரை? ராமேஸ்வரத்துக்கு வருகிறவர்கள் தனுஷ்கோடியின் இடிந்த சர்ச்சைப் பார்க்கிறார்கள், 1964 புயலில் போன ரயிலைப் பற்றிக் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அதற்கும் நூறு வருஷம் முன்னால் இதே கடலில் போனவர்களும் இந்த மண்ணின் பிள்ளைகள்தானே.

மண்டபத்தில் ஒரு கல் நட வேண்டும். அது முதல் வேலை. கல்லில் எழுதப் பெயர் வேண்டும், அதுதான் பெரிய வேலை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய சென்னை அரசாங்கக் காகிதங்கள் இருக்கின்றன. கிராமங்களில் “எங்க பாட்டனோட தம்பி கண்டிக்குப் போனாரு, சேதியே இல்ல” என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மாவட்டத்துக் கல்லூரி மாணவர்கள் ஊருக்கு ஊர் இதைக் கேட்டு எழுதலாம். வரலாற்றுத் துறைதான் செய்ய வேண்டும் என்றில்லை, கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் போதும். அதைச் சொல்லக்கூடிய கிழவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள்.

120 பெயரும் கிடைக்காது. 10 கிடைக்கலாம், ஒன்றே ஒன்றுதான் கிடைக்கலாம். அந்த ஒன்றையாவது கல்லில் எழுதினால், சேர வேண்டியவருக்கு ஒரு பேர் விழும்.