மிச்சம் எங்கே போயிற்று?

பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நம் பிள்ளைகள் போடும் வேதியியல் கணக்குகளில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது என்பது என் அபிப்பிராயம். எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறார்கள். மிச்சம் எங்கே போயிற்று என்று அழுத்திக் கேட்பதில்லை. ஒரு பக்கம் பாலாறு, இன்னொரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகள் என்று நடுவில் குடியிருக்கும் வாலாஜாபாத்காரர்களுக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வேதியியல் விளைச்சலை அங்கே 'ராந்த்மான்' என்பார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதற்கும் அதே சொல்தான். நம் விவசாயி சொல்லும் கண்டுமுதல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு நெல் அரைவைக் கணக்கைச் சொன்னால் எளிதில் விளங்கும். 100 கிலோ அரசு நெல்லை வாங்கும் ஆலைக்காரர் பச்சரிசியாக 67 கிலோ திருப்பித் தரவேண்டும் என்பது விகிதம். 64 கிலோதான் வந்தது என்றால், 64-ஐ 67-ஆல் வகுத்து 95.5 சதவீதம் என்போம். பள்ளிக்கூடத்து விளைச்சல் சதவீதம் இதுதான். ஆனால் 67 கிலோவும் குறையாமல் வந்தாலும், உமி, தவிடு என்று 33 கிலோ தனியாகப் போகிறதே! போட்டதில் எவ்வளவு நமக்கு வேண்டிய பொருளாக மாறியது என்பது வேறு கணக்கு. வேதியியலில் அதற்கு அணுச் சிக்கனம் என்று பெயர். பாரி ட்ராஸ்ட் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1991-ல் இந்தக் கருத்தை முன்வைத்தார். உமி அடுப்புக்கு, தவிடு மாட்டுக்கு என்று நாம் வழி வைத்திருக்கிறோம். எல்லா மிச்சத்துக்கும் அப்படி வழி இருப்பதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு சமன்பாடு வரும். குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு சேர்த்துக் காற்றில் வறுத்துச் சோடியம் குரோமேட் எடுப்பது. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். எடை போட்டுப் பார்ப்போம். தாது 895 கிலோ, சோடா உப்பு 848 கிலோ, ஆக்சிஜன் 224 கிலோ: மொத்தம் 1967 கிலோ. கிடைப்பது குரோமேட் 1296 கிலோ, இரும்பு ஆக்சைடு 319 கிலோ, கரியமில வாயு 352 கிலோ: அதுவும் 1967தான். வேதியியலில் எடைக் கணக்கை நிலைநிறுத்திய லவாய்சியே பிரெஞ்சு மன்னருக்கு வரி வசூலித்த குத்தகை அமைப்பில் பங்குதாரர். வரவும் செலவும் நேராக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா!

1296-ஐ 1967-ஆல் வகுத்தால் சுமார் 66 சதவீதம். அதாவது ஒரு சொட்டு வீணாகாமல் செய்தாலும் மூன்றில் ஒரு பங்கு வேண்டாத பொருள். நடைமுறையில் தாதுவிலுள்ள குரோமியம் முழுவதும் வெளியே வருவதில்லை. வராதது கசடோடு போகும். விடைத்தாளில் விளைச்சல் 90 சதவீதம் என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். எழுதாத 10 சதவீதத்துக்கும் ஒரு விலாசம் உண்டு.

அந்த விலாசம் நமக்குத் தூரமில்லை. பாலாற்றில் நமக்கு மேற்கே, மேல்மடையில் இருக்கிறது ராணிப்பேட்டை. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை இதே வேலையைச் செய்துவந்தது. 1995-ல் மூடப்பட்டது. குரோமியக் கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன் அளவுக்குக் குவிந்து, அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. பாலாற்றுப் படுகையைத் தோல் ஆலைகள் கெடுத்த வழக்கில், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 28.8.1996-ல் தீர்ப்பளித்தது. வழக்கு தோல் ஆலைகளைப் பற்றியது. நியாயம் எல்லோருக்கும் பொது.

அடுத்தது கரைசலின் செறிவு. லிட்டருக்கு இத்தனை கிராம், இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அப்படியானால் ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். குரோம் முலாம் பூசும் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். அதில் பாதிக்குச் சற்று மேல், 130 கிராம், குரோமியம். ஒரு லிட்டர் சிந்தினால்? 26 லட்சம் லிட்டர் தண்ணீர். தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.

நம் ஊர்க் கிணற்றில் குரோமியம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆலைகள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் சோறு தின்பது அந்த ஆலைகளால்தான். நாளைக்கு முலாம் பட்டறையிலும் பெயின்ட் கூடத்திலும் கழிவுநீர்த் தொட்டிப் பக்கத்திலும் நிற்கப்போவதும் அவர்கள்தான். அதனால்தான் சொல்கிறேன்.

ஏற்கெனவே பாடச் சுமை அதிகம், இது வேறா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். புதுப் பாடம் எதுவும் தேவையில்லை. இருக்கிற கணக்குதான். முகம் தெரியாத ஏதோ ஒரு சேர்மத்தை வைத்துப் போடும் கணக்கை, ராணிப்பேட்டைக் கசடை வைத்துப் போடட்டும். ஒவ்வொரு கணக்கின் கடைசியிலும் ஒரு வரி கூடுதலாகக் கேட்கட்டும்: மிச்சம் எவ்வளவு, அது எங்கே போயிற்று, தண்ணீரில் கலந்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்? பேரன், பேத்தி வேதியியல் படிக்கும் வீடுகளில் தாத்தா பாட்டிமார் இன்று மாலையே கேட்டுப் பார்க்கலாம். இதற்கு அரசாணை வேண்டியதில்லை.