குளிர் வீணாகலாமா?

மேடவாக்கத்தில் இருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில் எல்காட் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. இத்தகைய கட்டிடங்களில் பூட்டிய அறை ஒன்று இருக்கும். உள்ளே இரவும் பகலும் ஓயாமல் ஓடும் கம்ப்யூட்டர்களுக்கு "சர்வர்" என்று பெயர்.

அவை இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. எந்திரம், அதற்கும் மின்சாரம்!

சர்வருக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்று "ஆஷ்ரே" என்ற என்ஜினீயர்கள் சங்கம் சொல்கிறது. அப்படி இருந்தும் பல இடங்களில் உடல் நடுங்கும்படி குளிர வைக்கிறார்கள். ஏன்? பயம்தான். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. அறை முழுவதும் ஒரே குளிர் இராது. மூலையில் ஒரு சர்வர் வெந்துகொண்டு இருக்கலாம்.

அதைக் காட்டிக்கொடுக்க வந்திருப்பதுதான் "டிஜிட்டல் இரட்டை". அறையின் அச்சு அசலான நகல், கம்ப்யூட்டருக்குள்ளே! அறையில் உள்ள வெப்பமானிகளின் அளவு உடனுக்குடன் அதில் ஏறும். ஏ.சி.யில் 2 டிகிரி கூட்டினால் என்ன ஆகும்? முதலில் நகலில் பார்க்கலாம். அங்கே சூடேறினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இதற்கு நெருங்கிய கம்ப்யூட்டர் கணிப்பு முறையால், குளிரூட்டும் மின்சாரத்தில் 40 சதவீதம் வரை குறைந்ததாக 2016-ம் ஆண்டு கூகுள் நிறுவனம் அறிவித்தது.

பெரிய நிறுவனங்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கோடையில் மேடவாக்கத்து வீடுகளில் மின்விசிறி சுழல்வதும் இதே மின்சாரத்தில்தானே? சிறு அலுவலகங்கள் நகலுக்காகக் காத்திருக்க வேண்டாம். சர்வர் அடுக்குகளில் உள்ள காலி இடைவெளியைத் தகடு வைத்து மூடட்டும். சூடான காற்று முன்பக்கம் திரும்பி வருவது அதிலேயே குறையும்.