டிடிஎச் நிறுவனம் கைமாறினால் பில் ஏறுமா? பாக்ஸ் மாத்தணுமா?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிற பலருக்கும் மாதம் ஒருமுறை ஊரிலிருந்து இந்த போன் வரும்: "தம்பி, டிவி ஓடல. ரீசார்ஜ் பண்ணி விடு." இரண்டே நிமிடத்தில் யுபிஐ-யில் பணம் போய்விடும். அது எந்த கம்பெனிக்குப் போகிறது, அதன் முதலாளி யார் என்றெல்லாம் யாரும் யோசிப்பதில்லை. கம்பெனி கைமாறப்போகிறது என்று செய்தி வந்தால்தான் கேள்விகள் கிளம்பும். போட்ட பேலன்ஸ் என்ன ஆகும்? பில் ஏறுமா? மொட்டை மாடியில் இருக்கும் டிஷ்ஷைக் கழற்ற வேண்டி வருமா?

2025 பிப்ரவரியில் இந்தக் கேள்விகள் நாடு முழுக்க எழுந்தன. டாடா ப்ளேயும் ஏர்டெல் டிஜிட்டல் டிவியும் இணைவது பற்றிப் பேச்சு நடப்பதாக ஏர்டெல் உறுதிப்படுத்தியது. மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பேச்சு முறிந்தது. ஆனால் இணைப்புக்கான காரணம் அப்படியேதான் இருக்கிறது: டிடிஎச் சந்தை சுருங்குகிறது. டிராய் கணக்குப்படி, கட்டண டிடிஎச் சந்தாதாரர்கள் 2024 ஜூனில் 6.2 கோடி பேர். 2025 மார்ச்சில் சுமார் 5.7 கோடி. யூடியூப்புக்கும் ஓடிடிக்கும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தால், மிச்சமிருக்கும் கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கப் பார்க்கும்.

'கைமாறுது' என்றால் என்ன?

எல்லா கைமாற்றமும் ஒரே மாதிரி இல்லை. இதுவரை நடந்தவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பங்கு மட்டும் மாறுவது. 2019-ல் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நிறுவனச் சொத்துகளை டிஸ்னி வாங்கியபோது, டாடா ஸ்கையில் ஃபாக்ஸுக்கு இருந்த பங்கும் சேர்ந்தே போனது. ரிமோட்டைப் பிடித்திருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 2022 ஜனவரியில் டாடா ஸ்கை, டாடா ப்ளே என்று பெயர் மாற்றியபோதும் பாக்ஸும் டிஷ்ஷும் அப்படியேதான் இருந்தன.

இரண்டாவது, இரண்டு கம்பெனிகள் இணைவது. டிஷ் டிவியும் வீடியோகான் டிடுஎச்சும் இணைவதாக 2016 நவம்பரில் அறிவித்தன. எல்லா அனுமதியும் கிடைத்து இணைப்பு முடிந்தது 2018 மார்ச்சில்தான். அதன் பிறகும் டிஷ் டிவி, டிடுஎச் என இரண்டு பிராண்டுகளும் தனித்தனி செயற்கைக்கோள்களிலேயே தொடர்ந்தன. லட்சக்கணக்கான வீடுகளில் ஏறி டிஷ்ஷைத் திருப்பிவைப்பது எந்த கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. அதனால் இணைப்புச் செய்தி வந்த மறுநாளே பாக்ஸ் மாற்றச் சொல்லி யாராவது போன் செய்தால், சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது: தள்ளாடும் கம்பெனியை விற்பது. கடனில் மூழ்கியிருந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ், 2017 நவம்பரில் டிடிஎச் உரிமம் முடியும் நேரத்தில் 'பிக் டிவி' தொழிலைக் கைமாற்றியது. புதிய நிர்வாகம் 2018-ல் சலுகைத் திட்டம் அறிவித்து, முன்பதிவுக்குப் பணம் வாங்கியது. பிறகு 'இண்டிபெண்டன்ட் டிவி' என்று பெயர் மாறியது. 2019-ல் சேவையே நின்றுபோனது. வீடுகளில் இருந்த பாக்ஸ்கள் வெறும் டப்பாக்களாகின.

பில்லை யார் முடிவு பண்றாங்க?

டிடிஎச் பில்லில் மூன்று பகுதிகள் உண்டு: நெட்வொர்க் கட்டணம், சேனல் கட்டணம், 18% ஜிஎஸ்டி. உதாரணத்துக்கு நெட்வொர்க் கட்டணம் ₹130, சேனல்களுக்கு ₹150 என்றால், மொத்தம் ₹280. அதற்கு வரி ₹50.40. ஆக, கையிலிருந்து போவது ₹330.40.

இதில் நெட்வொர்க் கட்டணம் டிடிஎச் கம்பெனி நேரடியாக வைக்கும் விலை. 2019-ல் நடைமுறைக்கு வந்த டிராய் விதி இதற்கு ₹130 என்று உச்சவரம்பு வைத்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், ஆனால் எவ்வளவு என்பதை கம்பெனியே முடிவு செய்யலாம். இந்த நிலையில் போட்டியாளர்கள் குறைந்தால் வாடிக்கையாளருக்குப் பேரம் பேசும் பலமும் குறையும். கட்டண டிடிஎச்சில் இருப்பதே டாடா ப்ளே, ஏர்டெல், டிஷ் டிவி, சன் டைரக்ட் என நான்கு கம்பெனிகள்தான். டாடா ப்ளேயும் ஏர்டெல்லும் இணைந்திருந்தால், பாதிக்கு மேற்பட்ட சந்தை ஒரே கைக்குப் போயிருக்கும்.

சேனல் விலையை வைப்பது சேனல் நடத்துபவர்கள். அங்கேயும் கைமாற்றம் நடந்திருக்கிறது. 2024 நவம்பரில் ரிலையன்ஸ், டிஸ்னியின் இந்தியத் தொழில்கள் இணைந்து ஜியோஸ்டார் ஆனது. அதுவரை போட்டியாளர்களாக இருந்த விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள். டிடிஎச் கம்பெனியின் முதலாளி மாறாமலே பேக் விலை ஏறினால், காரணம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் இருக்கும்.

பிடிக்கலைன்னா மாறிக்கலாமே?

மொபைல் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் மாற்றுவது போல டிடிஎச்சில் முடியாது. ஒரு கம்பெனியின் பாக்ஸ் இன்னொரு கம்பெனியின் சேவையில் ஓடாது. எந்த பாக்ஸும் எந்த சேவையிலும் ஓட வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. நடைமுறையில் மாற்றம் வரவில்லை. ஆக, மாறுவதென்றால் புது பாக்ஸ், டிஷ்ஷைத் திருப்பும் வேலை, அதற்கான செலவு எல்லாம் நம் தலையில்.

வீட்டில் நல்ல பிராட்பேண்ட் இருப்பவர்கள் 'போதும்டா சாமி' என்று டிடிஎச்சை விட்டு வெளியேறிவிடலாம். ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பயம்தான் கம்பெனிகள் கண்டபடி விலை ஏற்றாமல் தடுக்கிறது. ஆனால் இணையம் சரியாகக் கிடைக்காத ஊரில், டிவியை மட்டுமே நம்பியிருக்கும் பெற்றோருக்கு அந்த வழி இல்லை. விலை ஏறினால் கடைசிவரை கட்டிக்கொண்டிருப்பது அவர்கள்தான்.

இப்போ என்ன செய்யலாம்?

கம்பெனி விற்பனைக்கு வருகிறது என்ற செய்தி அடிபட்டால், ஆண்டு பேக்கைத் தள்ளிப்போடுங்கள். தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் சரி, மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதே பாதுகாப்பு. அப்போது நஷ்டம் வந்தாலும் ஒரு மாதப் பணத்தோடு போகும்.

பேலன்ஸ், பேக் விவரம், சந்தாதாரர் எண் மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். சொல்லாமல் பேக் மாறியிருந்தால் இதுதான் ஆதாரம்.

புகார் என்றால் முதலில் கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அடுத்த படி கம்பெனியின் நோடல் அதிகாரி. தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. அங்கும் முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம்.

அடுத்த முறை ஊரிலிருந்து போன் வந்தால், ரீசார்ஜ் போடும் முன் பேக்கை ஒருமுறை திறந்து பாருங்கள். அப்பா, அம்மா பார்க்காத எத்தனை சேனலுக்குப் பணம் போகிறது என்று தெரிந்துவிடும். முதலாளி யாராக இருந்தாலும், அந்தச் சேனல்களை எடுத்துவிட்டால் இந்த மாதமே பில் குறையும்.