குப்பைத் தொட்டியோடு முடிந்துவிடும் பாடம்

தொடக்கப் பள்ளியில் சுற்றுச்சூழல் கல்வி என்றால் ஒரு மரக்கன்று, ஓர் ஓவியப் போட்டி, இரண்டு குப்பைத் தொட்டிகள். மக்கும் குப்பை பச்சையில், மக்காத குப்பை நீலத்தில். ஆறு வயதுக் குழந்தை இதைத் தப்பில்லாமல் ஒப்பித்துவிடும். தொட்டி நிறைந்த பிறகு அதை யார் தூக்குகிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று அந்தக் குழந்தை கேட்டுவிட்டால் பேச்சை மாற்றிவிடுகிறோம்.

சென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடங்கள் கொடுங்கையூரும் பெருங்குடியும். ஒன்று உழைக்கும் மக்கள் நெருக்கமாக வாழும் வடசென்னை. மற்றது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதிகளில் பிறந்தவர்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். வகுப்பறைக்கு மட்டும் தெரியாது.

அந்த வகுப்பறையில் ஒரு தூய்மைப் பணியாளரின் மகளும் உட்கார்ந்திருக்கிறாள். 'குப்பை அசிங்கம், தொடாதே' என்பதோடு பாடம் முடிந்தால், அந்த அசிங்கம் அவள் அம்மாவின் கைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. கழிப்பறை கழுவத் தலித் பிள்ளைகளை மட்டும் அனுப்பிய பள்ளிகளைப் பற்றி எத்தனை செய்திகள் படித்துவிட்டோம்! அந்தப் பள்ளிச் சுவர்களிலும் 'சுத்தம் சோறு போடும்' என்று எழுதியிருக்கும்.

"சின்னப் பிள்ளைகளிடம் போய்ச் சாதியைப் பேசுவதா?" என்பார்கள். 2005 தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பை ஒட்டி என்சிஇஆர்டி கொண்டுவந்த 5ஆம் வகுப்புச் சூழலியல் நூலில், 'இந்த வேலையை யார் செய்வது?' என்றே ஒரு பாடம் இருந்தது. துப்புரவு வேலை செய்பவர்களின் பேச்சும் சிறுவன் பீம்ராவ் பட்ட அவமானமும் அதில் வந்தன. பத்து வயதுக்கு அது புரியும். தலித் பிள்ளைக்கு அதற்கு முன்பே புரிந்துவிடுகிறது, பாடமாக அல்ல.

தண்ணீர்ப் பாடமும் இப்படித்தான். 'குழாயை மூடு, நீரைச் சேமி' என்கிறோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்ததே குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான். அந்தக் குழந்தைகளிடம் எந்தக் குழாயை மூடச் சொல்வது? பொதுக்குளத்தில் நீர் அள்ளும் உரிமைக்காக 1927இல் மகாட்டில் அம்பேத்கர் நடத்திய போராட்டம் சூழலியல் பாடத்திலேயே இடம்பெற வேண்டியது. வரலாற்றுப் புத்தகத்துக்கு வரும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

எல்லோரும் ஒருநாள் துடைப்பம் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது இதற்கு மாற்று ஆகாது (அக்டோபர் 2 தோறும் பார்க்கிறோமே). பள்ளிக் கழிப்பறைக்கு முறையான சம்பளத்தில் ஆளும் கருவியும் வேண்டும். வகுப்பறையைப் பெருக்க முறைப்பட்டியல் போட்டால், அதில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் ஆசிரியர் பெயரும் இருக்கட்டும். ஒருநாள் தெருவுக்கு வரும் குப்பை வண்டி அக்காவை வகுப்புக்கு அழைத்து நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். கையுறை கொடுக்கிறார்களா, சம்பளம் எவ்வளவு, வேலை நிரந்தரமா என்று பிள்ளைகளே கேட்கட்டும்.