வண்டிக்குக் கூலி உண்டு, வைத்தியத்துக்கு இல்லை!

அமெரிக்கா பணக்கார நாடு. அந்த நாட்டிலே ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது.

வயதானவர்களுக்காக அந்த நாட்டு சர்க்கார் ஓர் இன்சூரன்ஸ் திட்டம் நடத்துகிறது. அதற்கு "மெடிகேர்" என்று பெயர். 65 வயது ஆனவர்களும், உடல் ஊனமுற்ற சிலரும் அதில் சேர்ந்திருக்கிறார்கள். மொத்தம் 6 கோடிப் பேருக்கு மேல். அங்கே குடியேறி வயதாகிவிட்ட நம் தமிழர்களும் அதில் உண்டு.

அந்த நாட்டில் ஆம்புலன்ஸ் வந்தால் கட்டணம் கட்ட வேண்டும். ஆண்டுதோறும் நோயாளி முதலில் கட்ட வேண்டிய ஒரு தொகை போக, 100 டாலருக்கு 80 டாலரை மெடிகேர் கொடுக்கும். மீதி 20 டாலரை நோயாளி கொடுக்க வேண்டும்.

இதில் விசித்திரம் என்ன?

நோயாளியை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் மெடிகேர் பணம் கொடுக்கும். வீட்டிலேயே வைத்தியம் பார்த்துத் தேற்றிவிட்டு வண்டி திரும்பினால், ஒரு காசும் கொடுக்காது!

சர்க்கரை குறைந்த பாட்டி

தனியாக வசிக்கும் ஒரு பாட்டி. வயது 78. சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர். ஒரு நாள் காலையில் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. பேச்சு குழறுகிறது. நினைவு தப்புகிறது.

பக்கத்து வீட்டார் 911 என்ற எண்ணுக்குப் போன் செய்கிறார்கள். ஆம்புலன்ஸ் பறந்து வருகிறது. வண்டியில் வந்தவர் பாட்டியின் விரலில் குத்தி ரத்தத்தைச் சோதிக்கிறார். குளுக்கோஸ் ஏற்றுகிறார். சில நிமிஷங்களில் பாட்டி கண் திறக்கிறார்.

பாட்டிக்கு உணவு கொடுக்கிறார்கள். மறுபடி சோதித்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது. கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது. இப்படித் தேறியவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது இல்லை.

பாட்டியைக் காப்பாற்றியவை மருந்தும் பயிற்சியும். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை! சக்கரம் உருளவில்லை, ஆகவே கூலி இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். வண்டி புறப்பட்ட பிறகு, ஏற்றுவதற்கு முன்பே நோயாளி இறந்துவிட்டால், மெடிகேர் அடிப்படைக் கட்டணத்தைக் கொடுக்கிறது. இறந்தவரைத் தேடி வந்த வண்டிக்குக் கூலி உண்டு. பிழைக்க வைத்த வண்டிக்குக் கூலி இல்லை!

இது என்ன நியாயம்?

ஏன் இப்படி?

மெடிகேர் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் 1965 ஜூலை 30-ந் தேதி கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காலத்தில் ஆம்புலன்ஸ் என்றால் வெறும் வண்டி. அமெரிக்காவின் பல ஊர்களில், சவ அடக்கத் தொழில் நடத்தியவர்களே ஆம்புலன்சும் ஓட்டினார்கள். ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது! வண்டிக்குள் வைத்தியம் தெரிந்தவர் இருப்பது அபூர்வம்.

ஆகவே, நோயாளியைக் கொண்டுபோவதற்குத்தான் பணம் என்று சட்டம் வந்தது. அன்றைக்கு அது சரிதான்.

ஆனால் காலம் மாறியது. பிட்ஸ்பர்க் நகரில் 1967-ல் "பிரீடம் ஹவுஸ்" என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. வேலை இல்லாமல் இருந்த கறுப்பின மக்களை அதில் சேர்த்தார்கள். டாக்டர் பீட்டர் சாபர் அவர்களுக்கு உயிர் காக்கும் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். போகும் வழியிலேயே வைத்தியம் தொடங்கியது.

இன்று அத்தகைய பயிற்சி பெற்றவர்கள் அந்த நாடு முழுவதும் இருக்கிறார்கள். வண்டி மாறிவிட்டது. வண்டியில் வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். சட்டம் மட்டும் மாறவில்லை.

நஷ்டம் யாருக்கு?

முதல் நஷ்டம் ஆம்புலன்ஸ் நடத்துகிறவர்களுக்கு. மருந்துக்குப் பணம் வேண்டும். பெட்ரோலுக்குப் பணம் வேண்டும். இரவும் பகலும் காத்திருக்கும் ஊழியருக்குச் சம்பளம் வேண்டும். வீட்டிலேயே வைத்தியம் பார்த்தால் இத்தனையும் கைநஷ்டம்.

அடுத்த நஷ்டம் நோயாளிக்கு. ஏற்றினால்தான் பணம் என்றால், அவசியம் இல்லாதவரையும் ஏற்றத் தோன்றும். அவர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தச் செலவிலும் ஒரு பங்கு அவர் தலையில் விழும். பெரும் பங்கு சர்க்கார் தலையில் விழும்.

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம், அடுத்து உதவி கேட்கிறவருக்கு. சின்ன ஊரில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கும். அது அவசியம் இல்லாமல் தொலைதூர ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும் நேரத்தில், ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் என்ன ஆவது?

தொடங்கினார்கள், கைவிட்டார்கள்

இந்தக் குறை சர்க்காருக்குத் தெரியாதது அல்ல.

2019 பிப்ரவரியில் "இ.டி.3" என்ற பரீட்சார்த்தத் திட்டத்தை அறிவித்தார்கள். வீட்டுக்கு வந்த ஆம்புலன்ஸ் ஊழியர், நேரில் உள்ள டாக்டரையோ, வீடியோவில் வரும் டாக்டரையோ வைத்து அங்கேயே வைத்தியம் செய்யலாம். அதற்கும் பணம் உண்டு. பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாலும் பணம் உண்டு.

நல்ல திட்டம். 2021 ஜனவரியில் தொடங்கியது. 5 ஆண்டு நடக்க வேண்டியது, 2023 டிசம்பரோடு நின்றுவிட்டது. எதிர்பார்த்த அளவுக்கு ஆம்புலன்ஸ் சேவைகள் சேரவில்லை என்று சர்க்கார் காரணம் சொன்னது. கொரோனா நடுவே பிறந்த தற்காலிகத் திட்டத்தை நம்பி யார் ஆளும் கருவியும் சேர்ப்பார்கள்?

கொரோனாவுக்காக 2021-ல் ஒரு தனிச் சலுகையும் வந்தது. அந்தத் தொற்றுக்காக வகுத்த விதிகளால் நோயாளியை ஏற்ற முடியாமல் போனால், வைத்தியத்துக்கு மட்டும் பணம் கொடுத்தார்கள். 2023 மே 11-ந் தேதி கொரோனா அவசர நிலை முடிந்தது. சலுகையும் முடிந்தது.

ஆனால், வழி இல்லாமல் இல்லை. ஏழைகளுக்கான "மெடிகெய்ட்" என்ற திட்டத்தில் மின்னசோட்டா மாநிலம் வழி காட்டியது. பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர் நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு, 2012-ல் அது பணம் கொடுக்கத் தொடங்கியது.

பயம் நியாயமானதே!

"வராத நோயாளிக்கு வந்ததாகக் கணக்கு எழுதமாட்டார்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரை வீட்டில் விட்டுவிட்டால் உயிர் போகாதா?" என்றும் கேட்கிறார்கள்.

நியாயமான பயம். இதற்குக் காவல் போடலாம். டாக்டர் சம்மதம் இல்லாமல் யாரையும் வீட்டில் விடக்கூடாது. நோயாளி "ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்" என்றால் மறுபேச்சு இல்லாமல் கொண்டுபோக வேண்டும். மறுநாள் போன் செய்து நலம் விசாரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எழுதி வைக்க வேண்டும். பொய்க் கணக்கு எழுதியவரைத் தண்டிக்க வேண்டும்.

அதை விட்டு, பணமே கொடுக்கமாட்டோம் என்பது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும்.

இன்சூரன்ஸ் எதற்கு? நோயாளி பிழைப்பதற்கு. அவர் வீட்டில் பிழைத்தால் என்ன, ஆஸ்பத்திரியில் பிழைத்தால் என்ன?

ஓடிய மைலுக்குக் கூலி கொடுக்கும் சர்க்கார், உயிர் காத்த கைக்கும் கூலி கொடுக்கட்டும்!