பெட்டிச் சாவியும் வாசற்சாவியும்

மைசூர் அக்ரஹாரத்துப் பக்கம் ஓர் அறையை நாலு பேராக எடுத்தால் வாடகை நாலில் ஒரு பங்கு. தர்மபுரி, சேலம், ஈரோடு என்று ஊரைவிட்டுப் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். அறைக்குச் சாவி ஒன்றுதான்; அது ஜன்னல் விளிம்பிலோ செருப்புக்கு அடியிலோ கிடக்கும். முதலில் வருகிறவர் எடுத்துத் திறப்பார். ஆனால் ஆளுக்கொரு பெட்டி உண்டு. அதன் சாவி அவரவர் இடுப்பில் இருக்கும். எவ்வளவுதான் அண்ணன் தம்பியாகப் பழகினாலும் "உன் பெட்டிச் சாவியைக் கொடு" என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பது மரியாதையுமில்லை.

செல்போன் வந்தபிறகு இந்த மரியாதை எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

அப்படிப்பட்ட ஓர் அறைக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதும் இளைஞர் அங்கே இருக்கிறார். மூத்தவர் ஒருவர், "தம்பி, உன் போனைக் குடு, மேட்ச் ஸ்கோர் பார்க்கணும்" என்றார். "எடுத்துக்குங்கண்ணே, கோடுதான் உங்களுக்குத் தெரியுமே" என்று பதில் வந்தது. அறையில் உள்ள நாலு பேருக்கும் அந்தக் கோடு தெரிந்திருந்தது. எனக்கும் அன்று தெரிந்துபோயிற்று.

"பாங்க் பாஸ்வேர்டெல்லாம் இதில்தானா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். போனே ஞாபகம் வச்சுக்குது. உள்ளே பூட்டித்தான் இருக்கு."

"அந்தப் பூட்டுக்குச் சாவி எது?"

இளைஞர் யோசித்தார். பதில் வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போனை விற்ற கடைக்காரர் இதைச் சொல்லிக் கொடுத்தாரா? இல்லை. பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று திரையில் கேட்கிறபோதாவது இதைத் தெளிவாகச் சொல்கிறார்களா? அதுவுமில்லை.

விஷயம் இதுதான். போனும் கம்ப்யூட்டரும் நம் பாஸ்வேர்டுகளை அப்படியே எழுதி வைப்பதில்லை. புரியாத குறியீடாக மாற்றித்தான் வைக்கின்றன. அந்தக் குறியீட்டைத் திருப்பிப் படிக்க ஒரு சாவி வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் அந்தச் சாவி, நாம் காலையில் உள்ளே நுழையத் தட்டுகிற லாகின் பாஸ்வேர்டோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. பிணைப்பு பொய்யல்ல என்பதற்கு ஒரு சாட்சியும் உண்டு. தனிக் கம்ப்யூட்டர் ஒன்றில் உங்கள் லாகின் பாஸ்வேர்டை நீங்கள் மாற்றாமல், வேறொரு நிர்வாகி பலவந்தமாக மாற்றி உள்ளே வந்தால், சேமித்த ரகசியங்கள் அவருக்குத் திறக்காது. திருடன் கம்ப்யூட்டரின் தட்டை மட்டும் கழற்றிப்போனாலும் இதே கதைதான்.

இவ்வளவு நல்ல பூட்டுக்கு வாசற்சாவியே சாவியாகிவிட்டது என்பதுதான் சங்கடம். வாசலைத் திறந்து உள்ளே வந்தவர் வீட்டுக்காரர்தான் என்று இயந்திரம் நம்பிவிடுகிறது.

இது குறித்து 2013-ல் ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது. கூகுளின் குரோம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை, திறந்துகிடக்கும் கம்ப்யூட்டரில் யார் வேண்டுமானாலும் இரண்டு மூன்று தட்டில் பார்த்துவிடலாம் என்று எலியட் கெம்பர் என்ற மென்பொருள் வல்லுநர் எழுதினார். குரோமின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஜஸ்டின் ஷூ அதற்குப் பதில் சொன்னார். உங்கள் லாகினுக்குள் ஒருவன் வந்துவிட்டால் பிறகு எந்தத் தடுப்பும் உண்மையான தடுப்பல்ல, இன்னொரு கதவு வைத்தால் வீண் தைரியம்தான் வரும் என்பது அவருடைய வாதம். படித்தவர்கள் பலர் கொதித்தார்கள். பின்னர் குரோமிலும், பாஸ்வேர்டைக் காட்டுமுன் விண்டோஸ் லாகினை மறுபடி கேட்கும் வழக்கம் வந்தது.

ஷூ சொன்னதில் பாதி நியாயம் உண்டு. கம்ப்யூட்டருக்குள் புகுந்த திருட்டு மென்பொருள் நம் பெயரிலேயே ஓடும். நம் பெயரிலேயே சாவியைக் கேட்கும். 2024 ஜூலையில் குரோம் கூடுதல் பூட்டு ஒன்றைச் சேர்க்க நேர்ந்தது இதனால்தான். ஆனால் நம் அறைக்கு வருகிற ஆபத்து அவ்வளவு பெரிய வித்தைக்காரனால் வருவதல்ல. ஐந்து நிமிஷம் போனைக் கையில் வைத்திருக்கும் சாதாரண மனிதனால் வருவது. அவனைத் தடுக்க இன்னொரு சிறு கதவு போதும். அதை வீண் என்று சொன்னது அறையைப் பங்கிட்டு வாழாதவரின் பேச்சு என்றே எனக்குப் படுகிறது.

போனில் இது இன்னும் கூர்மையாகிறது. திரைப் பூட்டின் எண் தெரிந்தால் பாஸ்வேர்டுப் பட்டியலும் திறக்கும். ஓ.டி.பி.யும் அதே போனுக்குத்தானே வருகிறது! பணப் பரிமாற்றத்துக்கான யு.பி.ஐ. ரகசிய எண் ஒன்றுதான் தனியே நிற்கிறது. அதையும் திரைப் பூட்டின் எண்ணாகவே வைத்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன். என்ன சொல்ல!

அமெரிக்காவில் திருடர்கள் மதுக்கடைகளில் ஐபோன்காரர் எண்ணைத் தட்டுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, பிறகு போனைப் பறித்துப்போய் வாழ்நாள் சேமிப்பையே துடைத்த கதைகளை 2023 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை வெளியிட்டது. மறுவருஷம் ஜனவரியில் ஆப்பிள் கம்பெனி ஒரு மாற்றம் செய்தது. வீடு, அலுவலகம் போன்ற பழகிய இடத்துக்கு வெளியே பாஸ்வேர்டுகளைப் பார்க்க எண் மட்டும் போதாது, முகமோ விரலோ கட்டாயம் என்றார்கள். நல்ல மாற்றம். ஆனால் வந்தபோது அதை நாமே தேடிப்போய் இயக்கும்படிதான் வைத்தார்கள். மேலும், வீட்டைப் பழகிய இடம் என்று விட்டுவிட்டால் நாலு பேர் அறைக்கு அது என்ன காவல்?

ஆகவே பழையபடி எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாமா, டைரியில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். போனின் பெட்டி டைரியைவிட எத்தனையோ மேல். வாசற்சாவியைத்தான் பெட்டிச் சாவியாக நடத்த வேண்டும். ஒன்பது புள்ளிக் கோட்டில் 3,89,112 வகை உண்டு என்றாலும், நாம் இழுப்பது ஒரு பத்துக்குள் அடங்கிவிடும். விரல் தடமும் கண்ணாடியில் தெரியும். ஆறு இலக்க எண்ணில் பத்து லட்சம் வகை. பிறந்த வருஷத்தை வைக்காதிருந்தால் சரி. நண்பருடைய விரலை நம் போனில் பதிவதும் கூடாது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் விரலைக் கேட்கும்படி செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். ஸ்கோர் பார்க்கக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒரே செயலியைத் திரையில் பூட்டிக் கொடுக்கும் வசதி இருக்கிறது.

அலுவலகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஐந்து குமாஸ்தாக்களுக்கு ஒரே லாகின். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். பி.எப். கணக்கு, சொந்த மெயில் எல்லாம் அதே பிரவுசரில் சேமித்துக்கிடந்தன. பணம் குறைந்த ஒரு நாளில் ஐவரையும் வரிசையாக நிறுத்தி விசாரித்தார்கள். கடைசியில் தவறு கூட்டலில் என்று தெரிந்தது. அதுவரை வெளியூர்க்காரரைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். பிறர் பாஸ்வேர்டை வஞ்சகமாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறை உண்டு. ஒரே லாகினில் ஐந்து பேர் இருந்தால் குற்றவாளியையும் பிடிக்க முடியாது, நிரபராதியும் தன்னை நிரூபிக்க முடியாது. ஆளுக்கொரு லாகின் போட முதலாளிக்குக் காலணா செலவில்லை. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. கிடைக்கும்வரை பொதுக் கம்ப்யூட்டரில் சேமிக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே தட்டுங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் 1930-க்குப் போன் செய்ய வேண்டும், பிறகு பாங்குக்கு. வாடிக்கையாளரே ரகசியத்தைக் கொடுத்து நஷ்டம் வந்தால், புகார் தருகிறவரை நஷ்டம் அவருடையதே என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை வெளியிட்டது. அறை நண்பரிடம் கோட்டைச் சொன்னதை எந்தக் கணக்கில் வைப்பார்கள் என்று பாங்க் கவுண்டரில் வாதாடிக்கொண்டு நிற்க நமக்கு லீவு கிடைக்காது. போனே காணாமற் போனால் சஞ்சார் சாத்தி மூலம் அதை முடக்கவும் வழியிருக்கிறது.

அந்த இளைஞர் அன்றிரவே கோட்டை எடுத்துவிட்டு ஆறு இலக்க எண் வைத்துக்கொண்டாராம். மூத்தவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "தம்பி, எனக்கும் அதை மாத்திக் குடு" என்று தன் போனை நீட்டினாராம். எண்ணைத் தட்டுகிறபோது இளைஞர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன்.