ஒரே பானையிற் பத்தியம்

நீரிழிவு நோய் இன்று ஈழநாட்டின் இல்லங்கள் பலவற்றிற் குடிபுகுந்துவிட்டது. வடக்கு, கிழக்கு நீங்கலான ஏழு மாகாணங்களில் 2005–2006 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பெற்ற ஆய்வொன்று, வளர்ந்தோரிற் பத்துப் பேருக்கு ஒருவர் இந்நோயுடையவர் எனக் கண்டது. நம் மாகாணம் அக்கணக்கிற் சேரவில்லை. ஆயினும் அச்சோறே நம் சோறும் ஆதலின், நாம் விலகி நின்று வியப்பதற்கு இடமில்லை.

வைத்தியர் உணவைக் குறைக்கும்படி பணித்தவுடன், நம்மவர் தனிப்பானை வைக்கத் தொடங்குகின்றனர். தனிப்பானை நெடுநாள் நிலைப்பதில்லை என்பதே என் கருத்து. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களை நோக்குக. அங்கே மணமான ஆடவன் மனைவியின் இல்லத்தில் வாழ்வதே பழைய வழக்கு. மட்டக்களப்புத் தமிழகத்திலும் அஃது உண்டு. மாமியார் அன்போடு இடும் இரண்டாம் அகப்பைச் சோற்றை மருமகன் மறுப்பதெங்ஙனம்? திருமண வீட்டிலும் கந்தூரியிலும் ஒரே சகனைச் சூழ்ந்து பலர் உண்ணுகையில், ஒருவர் மட்டும் தம் பாத்திரத்தைத் தனியே கொணர்தல் இயலுமா? உடன் உண்ணல் உறவின் அடையாளமாயிருக்கும் இடத்தில், தனித்துண்ணல் தண்டனையாகவே தோன்றும்.

நோயாளி இல்லத்தரசியாயின் நிலைமை இன்னும் இரங்கத்தக்கது. எல்லோர்க்கும் படைத்து, இறுதியில் எஞ்சியதை உண்ணும் அவளுக்குத் தனிப்பானை வைப்பார் யார்?

ஆதலால் நோயாளியைப் பந்தியினின்று விலக்குவதை விடுத்து, பந்திக்கு வரும் உணவையே திருத்துதல் வேண்டும். அதற்கு வேண்டிய பொருள்கள் யாவும் இக்கரையிலேயே உள. வயலிலே நெல் உண்டு. அதனை மிகத் தீட்டாது தவிட்டோடு சமைக்கலாம். கடலிலே மீன் உண்டு. பொரிப்பதை விடுத்து ஆணமாக்கலாம். வேலியோரத்து முருங்கையிலையும் பொன்னாங்காணியும் சுண்டலாகித் தட்டிற் பாதியை நிரப்பினால், சோறு தானே அளவிற் சுருங்கும். தேநீரிற் சீனியைக் கலந்து கொடாது, வேண்டுவோர் இட்டுக்கொள்ளுமாறு புறம்பே வைக்கலாம். சகனிலே அமர்ந்தவர் மெல்ல உண்டு, முன்னதாகவே கையை நிறுத்தி, பேச்சில் மட்டும் இறுதிவரை கலந்திருக்கலாம். மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர் சோற்றின் அளவை மாற்றுமுன்னும், நோன்பு நோற்குமுன்னும், வைத்தியரைக் கேட்டல் இன்றியமையாதது.

ஒருவர் நோய்க்காக வீடு முழுவதும் சுவையிழப்பதோ எனச் சிலர் வினவுவர். பாலாணத்தை இரண்டாம் பாலில் ஆக்கினும், புளியும் மிளகும் கைப்பக்குவமும் சுவை தாராதிருக்குமா? மேலும், பெற்றோர்க்கு நீரிழிவு உளதாயின் மக்களுக்கும் அது வரும் வாய்ப்பு மிகுதி. இன்று தந்தைக்காகத் திருத்திய பானை நாளை மகனையும் காக்கும்.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அளவறிந்து உண்ணலையே வற்புறுத்துகின்றது. வயிற்றின் மூன்றிலொரு பங்கே உணவுக்குரியது என்பது நபிமொழி. அடுத்தடுத்து வாழும் இரு சமூகத்தார்க்கும் மூதுரை ஒன்றாகவே அமைந்திருக்கின்றது. கற்றறிந்த பழைய மாணவர்கள் இதனைத் தத்தம் அடுக்களையிலே தொடங்குவாராக; மாணவர்களும் இன்றே பழகுவாராக. பத்தியம் ஒருவர்க்கு விதித்த விலங்காகாது, குடும்பத்தின் நல்வழக்கமாகும் நாளே நோய் தளரும் நாள்.